விண்ணோடக் கெமராவில் விழுந்த ஒளி

"உம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க!"

இராச் சாப்பாடு முடிந்து, குசினியில் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்கும் நேரம். கையில் போனோடு மகன் வந்து நிற்கிறான். திரையில் மங்கலான ஒரு படம். இருண்ட பூமியின் வளைவு தெரிகிறது. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல ஊர்ந்து வருகிறது. திடீரென்று படத்தின் ஒரு மூலையில் பளிச்சென்று ஓர் ஒளி. அவ்வளவுதான்! ஊர்ந்து வந்த புள்ளி சட்டெனத் திரும்பி, வேறொரு திசையில் விரைந்தோடி மறைந்துவிடுகிறது.

"வேற்றுக் கிரகத்து ஆக்கள்ட கப்பலாம் உம்மா. கீழேயிருந்து யாரோ சுட்டிருக்காங்களாம். அது தப்பி ஓடுதாம். நாசா இதை மறைச்சு வச்சிருக்காம். உண்மையா?"

என்ன பதில் சொல்வது? "இதெல்லாம் பொய், போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று துரத்திவிடலாம். அல்லது நாமும் ஆச்சரியப்பட்டு, அடுத்த நிமிடமே குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். இரண்டுமே சுலபமான காரியங்கள். ஆனால் இரண்டுமே தவறு. விண்வெளிக் கெமராக்களில் விழுந்த ஒளிகளின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால் அது நன்றாகப் புரியும்.

1991 செப்டெம்பர் 15

மகன் காட்டிய படம் இன்று நேற்று எடுத்ததல்ல. 1991 செப்டெம்பர் 12ஆம் திகதி அமெரிக்காவின் டிஸ்கவரி விண்ணோடம் விண்ணுக்குச் சென்றது. பூமியின் மேல் வளிமண்டலத்தை ஆராயும் செய்மதியொன்றை விண்ணில் விடுவதே அதன் முக்கிய பணி. 15ஆம் திகதி, விண்ணோடத்தின் சரக்கு அறையில் பொருத்தப்பட்டிருந்த தொலைக்காட்சிக் கெமரா பூமியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் இந்தக் காட்சி பதிவாகியது.

இதை நாசா மறைத்து வைத்தது என்பதில் உண்மையில்லை. அக்காட்சி நாசாவின் பகிரங்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பிலேயே போய்க்கொண்டிருந்தது. அதை வீட்டிலிருந்து பார்த்தவர்கள் வீடியோ நாடாவில் பதிந்து பரப்பியதால்தான் உலகம் முழுவதும் தெரியவந்தது.

"இவை பனித்துகள்கள்" என்று நாசா விளக்கம் கூறியது. பலர் அதை ஏற்கவில்லை. "பனித்துகள் எங்காவது திரும்பி ஓடுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலையும் பார்ப்போம்.

பனித்துகள் எங்கிருந்து வந்தது?

விண்ணோடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். பாவித்து மிஞ்சிய நீரை அவ்வப்போது வெளியே விடுவார்கள். விட்ட கணமே அது உறைந்து பனித்துகள்களாகச் சிதறும். அதோடு, விண்ணோடத்தைத் திருப்பவும் நிலையாக வைத்திருக்கவும் 44 சிறு எஞ்சின்கள் இருந்தன. அவற்றுள் 38 பெரியவை, 6 மிகச் சிறியவை. இவற்றின் வாயில்களிலிருந்து கசியும் எரிபொருளும் உறைந்து துகளாகும். குளிர்சாதனப் பெட்டியின் ஓரங்களில் ஐஸ் பூத்துப்போவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். விண்ணோடத்தின் அதே வேகத்தில் இவையும் பூமியைச் சுற்றுவதால், இத்துகள்கள் கீழே விழுந்துவிடாமல் விண்ணோடத்தோடு கூடவே மிதந்து வரும்.

இனி வெளிச்சத்தைக் கவனியுங்கள். மஃரிப் நேரத்தில் தரை இருண்ட பின்னரும், மிக உயரே போகும் விமானம் மட்டும் வெயில் பட்டுப் பளபளப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே போன்ற ஒரு வேளை அது. கீழே பூமியில் இருட்டு. மேலே விண்ணோடத்தின் மீது சூரிய ஒளி. அந்நேரத்தில் விண்ணோடத்தின் அருகில் மிதக்கும் ஒரு சிறு துகள்கூட நட்சத்திரம் போல மின்னும். விண்ணோடத்தின் நிழலுக்குள் இருந்த துகள் நிழலைவிட்டு வெளியே வந்ததும், அடிவானத்திலிருந்து ஏதோ எழும்பி வந்தது போலத் தோன்றும்.

அந்த வேளையில் விண்ணோடத்தின் சிறு எஞ்சினொன்று ஒரு கணம் இயங்குகிறது. அந்த எஞ்சினின் நெருப்புத்தான் நாம் கண்ட "பளிச்." அதிலிருந்து பாய்ந்த வாயு, மிதந்துகொண்டிருந்த துகள்களைத் தள்ளிவிடுகிறது. துகள் திரும்புகிறது, ஓடுகிறது. நீண்டகாலம் நாசாவின் விண்வெளிக் கட்டுப்பாட்டு நிலையத்தில் பொறியியலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஓபர்க் என்பவர் இதை விரிவாக எடுத்து விளக்கினார்.

ஒளி வந்தது, உடனே பொருள் திரும்பியது என்று மக்கள் கண்டது சரிதான். கண் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொருள் பல நூறு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது என்று எண்ணிக்கொண்டதுதான் பிழை. கண்ணருகே பறக்கும் நுளம்பும் தூரத்தில் பறக்கும் காகமும் கெமராவுக்கு ஒரே அளவாகத் தெரியலாம். தூரம் தெரியாவிட்டால் அளவு சொல்ல முடியாது. அளவும் தூரமும் தெரியாவிட்டால் வேகமும் சொல்ல முடியாது. பக்கத்தில் மெதுவாக நகரும் துகளைத் தூரத்தில் இருப்பதாக எண்ணிக் கணக்குப் பார்த்தால், எந்த விமானத்தாலும் முடியாத வேகம் வரத்தான் செய்யும்.

மின்மினிகளும் தட்டுகளும்

இப்படி ஏமாறியது முதல் தடவையுமல்ல. 1962 பெப்ரவரி 20இல், பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜோன் கிளென், தமது கலத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஒளித்துளிகள் மின்மினிப் பூச்சிகளைப் போல மிதப்பதைக் கண்டு திகைத்துப் போனார். சூரியன் உதிக்கும் வேளையில்தான் அவை தெரிந்தன. அவை என்னவென்று அவருக்கும் விளங்கவில்லை, தரையிலிருந்தவர்களுக்கும் விளங்கவில்லை.

அதே ஆண்டு மே 24இல் ஸ்கொட் கார்பென்டர் விண்ணுக்குப் போனார். அவரும் அவற்றைக் கண்டார். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். கலத்தின் உட்சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட வெளியே மின்மினிகள் கூடின! கலத்தின் வெளிப்புறத்தில் படிந்திருந்த உறைபனிதான் உதிர்ந்து, வெயிலில் மின்னியது. மூன்று மாதம் நீடித்த மர்மம் ஒரு தட்டில் தீர்ந்தது.

1996 பெப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சுமார் 20 கிலோமீற்றர் நீளமான கம்பியொன்றின் நுனியில் செய்மதியொன்றைக் கட்டி விண்ணில் விட்டது. கம்பி அறுந்து செய்மதி விலகிப் போய்விட்டது. பின்னர் தூரத்திலிருந்து அக்கம்பியைப் படம் பிடித்தபோது, அதைச் சுற்றி வட்ட வட்டமான தட்டுகள் கூட்டமாக நீந்துவது போலத் தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை, ஓரத்தில் ஒரு வெட்டு. உலகமே பரபரப்படைந்தது. உண்மையில் கெமரா தூரத்துக் கம்பிக்கு ஏற்றவாறு கூர்மைப்படுத்தப்பட்டிருந்தது. கிட்டத்தில் மிதந்த துகள்கள் தெளிவிழந்து வட்டங்களாக விரிந்துவிட்டன. ஓட்டையும் வெட்டும் அக்கெமராவின் வில்லைகளால் உண்டானவை. அதனால்தான் எல்லாத் "தட்டுகளுக்கும்" ஒரே அச்சில் வார்த்தது போன்ற உருவம்.

அப்படியானால் எல்லாமே வெறும் பனியும் தூசியும்தானா?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். எல்லாமே வெறும் தூசிதான் என்று முடிவு கட்டியிருந்தால், நம் தலைக்கு மேலே நடக்கும் மாபெரும் அற்புதமொன்று இன்னும் எத்தனை காலம் தெரியாமல் போயிருக்குமோ!

அதே டிஸ்கவரி, பதினொரு மாதங்களுக்கு முன்னர்

1990 ஒக்டோபர் 7. அதே டிஸ்கவரி விண்ணோடம். அதே போலச் சரக்கு அறையில் பொருத்திய கெமரா. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாக் கரைக்கு அப்பால், இரவில், இடிமுகில் ஒன்றில் மின்னல் வெட்டியது. அந்தக் கணத்தில், முகிலுக்கும் மிக மிக மேலே, சுமார் 90 கிலோமீற்றர் உயரத்தில், வானமே ஒரு தரம் பளிச்சிட்டு அணைந்தது. நாடாவை ஆராய்ந்தவர்கள் வில்லியம் போக், ஒதா வோகன் ஆகிய ஆய்வாளர்களும் அவர்களது குழுவினரும். விண்ணோடங்கள் கொண்டுவந்த வீடியோ நாடாக்களைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்து, மின்னல்களைத் தேடுவதே அவர்களது வேலை.

அவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடவுமில்லை. வேற்றுக் கிரகவாசி என்று கூவவுமில்லை. கண்டதைக் கண்டபடி 1992இல் எழுதி வெளியிட்டார்கள். 1995இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தரையிலிருந்து கெமரா வைத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை உறுதிப்படுத்தினார்கள். மின்னல் வெட்டும்போது ஒரு வலிமையான வானொலி அலை எழுகிறது. அது மேலே போய் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோத, அங்குள்ள வாயு வளையமாக ஒளிர்கிறது. அந்த ஒளி வளையம் சில நூறு கிலோமீற்றர் அகலத்துக்கு விரியும். ஆனால் அது நீடிப்பதோ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான்! இதற்கு "எல்வ்ஸ்" என்று பெயரிட்டார்கள்.

ஒரு கெமராவில் விழுந்த ஒளி பனித்துகளாயிற்று. இன்னொரு தடவை அதேபோன்ற கெமராவில் விழுந்த ஒளி புதிய கண்டுபிடிப்பாயிற்று. பார்த்த மாத்திரத்தில் எது எதுவென்று யாரால் சொல்ல முடியும்?

யாரும் நம்பாத சாட்சிகள்

இடிமுகிலுக்கு மேலே ஒளி தோன்றுவதாகப் பல்லாண்டு காலமாகவே சிலர் சொல்லி வந்தார்கள். 1886ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் "நேச்சர்" சஞ்சிகையில் இது பற்றிய குறிப்பொன்று வெளிவந்தது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சி.டி.ஆர். வில்சன் என்ற பேரறிஞர், இடிமுகிலுக்கு மேலுள்ள வெளியிலும் மின்பாய்ச்சல் நிகழக்கூடும் என்று 1925இல் கணக்கிட்டுக் காட்டினார். இவர் 1927இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இரவில் விமானமோட்டிச் சென்றவர்களும் கண்டிருக்கிறார்கள். ஆனால் வெளியே சொன்னால் "கண்ணில் கோளாறு" என்பார்களோ, வேலைக்கே ஆபத்து வருமோ என்று பலர் வாய் திறக்கவில்லை.

ஆதாரம் தற்செயலாகவே கிடைத்தது. 1989 ஜூலை 6ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் விங்க்லரும் அவரது உதவியாளர்களும், ரொக்கட் பரிசோதனையொன்றுக்காக வாங்கிய கெமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தனர். மிக மங்கலான வெளிச்சத்தையும் பிடிக்கும் கெமரா அது. மறுபடி நாடாவைப் போட்டுப் பார்த்தபோது, தூரத்து இடிமுகிலுக்கு மேலே இரண்டு பெரும் ஒளித்தூண்கள் நின்றன! ஒரு கணம் மட்டும்.

இதன் பின்னர் விண்ணோட நாடாக்களைத் தேடியபோது, அவற்றிலும் இத்தகைய ஒளிகள் ஒரு டசினுக்கும் மேல் அகப்பட்டன. அதுவரை அவை நாடாக்களில் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கின்றன. 1994இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிஸ் சென்ட்மனும் அவரது சகாக்களும் விமானத்தில் சென்று வர்ணத்தில் படம் பிடித்தார்கள். சிவப்பு நிறம்! தரையிலிருந்து 50 முதல் 90 கிலோமீற்றர் வரையான உயரத்தில், வேர்கள் தொங்கும் செடியைப் போல, சில வேளை சொறி மீனைப் போல. சென்ட்மன் இதற்கு "ஸ்பிரைட்" என்று பெயரிட்டார். கடையில் வாங்கும் சோடா அல்ல. மேலைநாட்டுக் கட்டுக்கதைகளில் தோன்றி மறையும் ஒரு மாய உருவத்தின் பெயர் அது. ஏன் இப்படியொரு பெயர்? இது எவ்வாறு உண்டாகிறது என்று நிச்சயமாகத் தெரியாத நிலையில், தெரிந்தது போலக் காட்டும் பெயரைச் சூட்ட அவர் விரும்பவில்லை. அறிஞர்களின் அடக்கத்தைப் பாருங்கள்!

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற ஏழு பேருக்கும் வேறு பல ஆய்வுகளோடு இந்த ஒளிகளைப் படம் பிடிக்கும் பணியும் இருந்தது. இந்தியாவில் ஹரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களில் ஒருவர். பெப்ரவரி 1ஆம் திகதி, தரையிறங்க இன்னும் 16 நிமிடங்களே இருந்த நிலையில் கொலம்பியா சிதறியது. ஒருவரும் தப்பவில்லை. ஆனால் அவர்கள் பிடித்த படங்களில் பல அதற்கு முன்னரே தரைக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் அந்த ஒளிகள் இருந்தன.

நம் கடலுக்கு மேலே

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 2015 செப்டெம்பரில் டென்மார்க்கின் முதல் விண்வெளி வீரரான அன்ட்ரியாஸ் மொகென்சன், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து, இடிமுகிலொன்றின் உச்சியைப் படம் பிடித்தார். எங்கே தெரியுமா? நமக்கு வடகிழக்கே கிடக்கும் வங்காள விரிகுடாவின் மேலே!

அந்தப் படம் ஓடியது 160 செக்கன்கள்தான். அதற்குள் முகிலின் உச்சியில் 245 நீல ஒளிகள் வெட்டியிருந்தன. ஒன்று பீச்சாங்குழலால் அடித்தது போல மேல்நோக்கி, சுமார் 40 கிலோமீற்றர் உயரம் வரை பாய்ந்தது. 2018 ஏப்ரலில் இதற்கென்றே ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் விசேட கருவியொன்றை அந்நிலையத்துக்கு அனுப்பியது.

மாரி மழைக் காலத்தில் இடி முழங்கும்போது பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறோமே, அதே வேளையில் முகிலுக்கு அப்பால் இந்த வாணவேடிக்கை நடந்துகொண்டிருக்கக்கூடும். நேர் கீழே இருக்கும் நமக்கு முகில் மறைத்துவிடுகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இனி மகனிடம் வருவோம். அவனுக்கு இரண்டு காரியங்களைச் செய்து காட்டலாம். காசு செலவில்லை.

காலை வெயில் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் நேரத்தில் மற்றக் கதவு ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். ஒளிக்கீற்றில் தூசுகள் மின்னிக்கொண்டு மிதக்கும். கீற்றுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு விசிறியால் ஒரேயொரு தரம் வீசச் சொல்லுங்கள். மிதந்த தூசெல்லாம் ஒன்றாகத் திரும்பி ஓடும்! 1991ஆம் ஆண்டுப் படம் உங்கள் அறைக்குள்ளேயே வந்துவிடும்.

இரவில், தூரத்தில் எரியும் சிறு பல்புகளுக்கு முன்னால், போன் கெமராவுக்குக் கிட்ட ஒரு விரலைப் பிடித்து, விரல் தெளிவாகத் தெரியும்படி செய்யுங்கள். பின்னால் உள்ள பல்புகள் வட்டத் தட்டுகளாக ஊதிவிடும். 1996ஆம் ஆண்டின் "தட்டுகள்" எப்படி வந்தன என்பதும் விளங்கிவிடும்.

அடுத்த முறை இப்படியொரு படம் வந்தால் கேட்பதற்குச் சில கேள்விகளையும் சொல்லிக் கொடுங்கள். இதை எடுத்தது யார், எப்போது, எங்கிருந்து? அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எப்படித் தெரியும்? கெமராவும் கலமும் அந்நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தன? வேறு யாராவது, வேறு கருவியால் அதைக் கண்டார்களா? மறுபடியும் நிகழ்ந்ததா? பனித்துகள் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் நிற்கவில்லை. மின்னலுக்கு மேலே தோன்றிய ஒளியோ நின்றது. தரையிலும் விமானத்திலும் விண்ணிலும் மீண்டும் மீண்டும் தன்னைக் காட்டியது.

வந்த செய்தியை விசாரித்துப் பார்த்த பின்பே பரப்ப வேண்டும் என்பது நமக்கொன்றும் புதிய பாடமல்ல. ஆனால் விசாரிப்பது என்றால் மறுப்பது என்று அர்த்தமில்லை. விமானமோட்டிகளை ஏளனம் செய்தவர்கள் விசாரிக்கவில்லை. கண்டதையெல்லாம் பறக்கும் தட்டு என்றவர்களும் விசாரிக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்த கார்பென்டர் விசாரித்தார். நாடாக்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆய்வாளர்கள் விசாரித்தார்கள்.

சகோதரிகளே! ஏளனத்துக்குப் பயந்து அந்த விமானமோட்டிகள் எத்தனையோ வருடங்கள் மௌனமாக இருந்தார்கள் அல்லவா? நம் பிள்ளைகளும் அப்படித்தான். "உண்மையா உம்மா?" என்று வந்து நிற்கும் பிள்ளையை ஒரு தரம், இரு தரம் ஏளனம் செய்து துரத்தினால், மூன்றாம் தரம் அவன் வரமாட்டான். இன்று விண்வெளியில் கண்ட ஒளியைப் பற்றிக் கேட்கிறான். நாளை, போனில் யாரோ அனுப்பிய தகாத செய்தியைப் பற்றியும், பாடசாலையில் கூட்டாளி சொன்ன ஆபத்தான யோசனையைப் பற்றியும் நம்மிடம்தான் வந்து கேட்க வேண்டும். அந்தப் பாதையை நம் கையாலேயே அடைத்துவிடக் கூடாது.

ஆகவே கையைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் தெரியாது மகன். வா, ரெண்டு பேருமாப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கோப்பைகள் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.